பைக்கில் கட்டும் பை பெயிண்டைக் கீறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீட்டின் இரு பக்கமும் தொங்கும் சேடில் பேக், சீட்டின் பின்பகுதியில் உட்காரும் டெயில் பேக், பெட்ரோல் டேங்க் மேல் வைக்கும் டேங்க் பேக் என்று துணிப் பைகளைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்கள் நம் ஊரில் இப்போது நிறையப் பேர். ஊர் திரும்பிப் பையைக் கழற்றும்போதுதான் பேனலில் வெளுத்த திட்டு கண்ணில் படும். அதற்குப் பிறகு வரும் கேள்விகளும், கிளம்பும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளும் இங்கே இருக்கின்றன. தனி ஸ்டாண்டில் நிற்கும் அலுமினியப் பெட்டிகளின் கதை வேறு, அதற்குள் போகவில்லை.

பை துணிதானே, மெத்தென்று இருக்கிறது. அது எப்படிப் பெயிண்டைக் கீறும்?

கீறுவது துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் மண். ரோட்டுப் புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் தாராளமாக இருக்கும். ஜன்னல் கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் அதற்கு. பைக் பெயிண்டின் மேல்பூச்சான கிளியர் கோட்டோ சுமார் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பையின் அடித்துணியில் மண் ஏறிவிட்டால் அது உப்புத்தாள் மாதிரிதான்.

தேய்ப்பதற்கு ஓர் அசைவு வேண்டுமே, நன்றாக இழுத்துக் கட்டிய பை எங்கே அசைகிறது என்று தோன்றும். சிங்கிள் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 50 அதிர்வு. ஐந்து மணி நேரம் ஓட்டினால் 9 லட்சம். ஒவ்வொரு அதிர்விலும் பை ஒரு முடியளவு நகர்ந்தாலே போதும்.

அந்த வெளுத்த திட்டின் மேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெரிய கீறல் எதுவும் தெரியாது. ஒரே திசையில் ஓடும் ஆயிரக்கணக்கான பொடிக் கோடுகள் தெரியும். வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் அந்த இடம் மங்கலாக, வெள்ளை பூத்தது போல இருக்கிறது. கறுப்பு, அடர் நீலம், மெரூன் வண்டிகளில் இது உடனே கண்ணில் படும். வெள்ளை, சில்வர் வண்டிகளில் அதே சேதம் இருந்தாலும் சட்டென்று தெரியாது.

எந்தெந்த இடம் முதலில் அடிபடும்?

சேடில் பேக் போட்டால் சீட்டுக்குக் கீழே இருக்கும் பக்கவாட்டு பேனலும், பின்னால் போகும் டெயில் பேனலும். குறிப்பாக பேனல் வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கும் முனை. பையின் மொத்த அழுத்தமும் அந்த உள்ளங்கையளவு இடத்தில்தான் உட்காரும். டேங்க் பேக் என்றால் டேங்கின் மேல்முதுகும், முன் ஸ்ட்ராப் இறங்கும் இரண்டு ஓரங்களும். டெயில் பேக் சீட்டின் மேல் உட்காருவதால் ரெக்ஸினோடு போய்விடும். ஆனால் அதன் ஸ்ட்ராப்புகள் சீட்டைத் தாண்டி டெயில் பேனல் மேல் இறங்கும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பளிச்சென்று தடம் விழும்.

பலர் பைக்கு அடியில் பாதுகாப்புச் செய்துவிட்டு ஸ்ட்ராப்பை மறந்துவிடுகிறார்கள். நைலான் ஸ்ட்ராப்பின் விளிம்பு பையின் அடித்துணியை விடக் கரடுமுரடு. இறுக்கமும் அதில்தான் அதிகம். பயணம் முடிந்து பார்த்தால் ஆழமான கோடு விழுந்திருப்பது பெரும்பாலும் ஸ்ட்ராப் போன வழியில்தான்.

செலவே இல்லாமல் செய்யக்கூடியது என்ன?

கழுவிவிட்டுக் கட்டுவது. ஃபிலிம், மேட், ஸ்டாண்டு எல்லாம் இதற்கு அப்புறம்தான். அழுக்கு வண்டியின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பாதுகாப்பை வைத்தாலும், அதற்கு அடியில் மண்ணையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

கழுவுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மண்ணை ஓடவிட வேண்டும். அப்புறம் ஷாம்பு. அதன் பிறகுதான் துணி. காய்ந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பது, பை தேய்ப்பதை நம் கையாலேயே செய்வதுதான். பெட்ரோல் பங்கில் கிடக்கும் துணியை எடுத்து டேங்கைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பையின் அடிப்பக்கத்தையும் கழுவ வேண்டும். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. போன பயணத்தின் மண் அந்த நெசவுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை நனைத்து, அடித்துணியிலும் ஸ்ட்ராப்பின் உள்பக்கத்திலும் தேய்த்துப் பாருங்கள். இறங்கும் தண்ணீரின் நிறமே சொல்லிவிடும்.

வழியிலும் ஒரு வேலை உண்டு. பின் டயர் வாரியடிக்கும் மண் பைக்கும் பேனலுக்கும் நடுவே மேலேறிக்கொண்டே இருக்கும். செயினுக்குப் போடும் எண்ணெய் தெறித்தால் அதில் மண் பசைபோல ஒட்டும். தங்கும் இடத்தில் இரவு பையைக் கழற்றுகிறீர்கள் என்றால், காலையில் மாட்டும் முன் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை அந்தப் பேனல் மேல் ஊற்றி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு நிமிட வேலை. மொத்தப் பயணத்திலும் இதைவிடப் பலன் தரும் வேலை வேறு இல்லை.

எப்படிக் கட்டினால் பை அசையாது?

பை நான்கு திசையிலும் பிடிபட வேண்டும். சீட்டின் குறுக்கே போகும் ஸ்ட்ராப் கீழே விழாமல் தாங்குமே தவிர, முன்னும் பின்னும் ஆடுவதைத் தடுக்காது. ஒவ்வொரு பக்கப் பைக்கும் முன்னால் ஒரு பிடி, பின்னால் ஒரு பிடி தனியாக வேண்டும்.

அந்த ஸ்ட்ராப்பை எதில் கட்டுகிறோம் என்பது முக்கியம். ஃபிரேமோடு சேர்ந்த பாகத்தில்தான் கட்ட வேண்டும்: பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட் தாங்கி, அவர் பிடித்துக்கொள்ளும் கிராப் ரெயில், சீட்டைத் தாங்கும் சப்ஃபிரேம். ஷாக் அப்சார்பரிலோ, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ கட்டக்கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் போகும். பை சீட்டோடு நிற்கும். ஸ்ட்ராப் இழுபட்டு, தளர்ந்து, மறுபடி இழுபட்டு, பையை ரம்பம் மாதிரி அறுக்க வைக்கும். சில பழைய மாடல்களில் பின் ஃபுட்ரெஸ்டே ஸ்விங் ஆர்மில்தான் பொருத்தப்பட்டிருக்கும். உங்கள் வண்டியில் எப்படி என்று, ஒருவரைப் பின்சீட்டில் உட்கார்ந்து எழச் சொல்லி, குனிந்து பார்த்துவிடுங்கள். சீட்டோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது ஃபிரேமில் இருக்கிறது. சக்கரத்தோடு தரையில் நின்றால் ஸ்விங் ஆர்மில் இருக்கிறது.

பையைப் பாதி நிரப்பிக் கட்டாதீர்கள். தளர்ந்த பை துவளும், துவளும் பை தேய்க்கும். பையை அமுக்கிச் சுருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ராப் இருந்தால் பொருள் குறையக் குறைய அதையும் இறுக்குங்கள். துணி மூட்டை நாள் போக்கில் அமுங்கிவிடும். காலையில் கல் மாதிரி இருந்த கட்டு மதியம் விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் ஒரு டீக்கு நிறுத்தும்போது எல்லா ஸ்ட்ராப்பையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மிச்சம் தொங்கும் நுனிகளைச் சுருட்டிச் செருகிவிட வேண்டும். காற்றில் படபடக்கும் நுனி பேனலை அடித்துக்கொண்டே வரும். சக்கரத்திலோ செயினிலோ போனால் பெயிண்டைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

பைக்குள் அடுக்குவதிலும் விஷயம் இருக்கிறது. வண்டியை ஒட்டிய பக்கத்தில் மடித்த துணிகளை வையுங்கள். சார்ஜர், டூல் கிட், ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளிப்பக்கம். ஒரு ஸ்பேனரின் முனை உள்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால், அந்தப் புள்ளியில் மட்டும் கிளியர் கோட் தாண்டி அடிப் பெயிண்ட் வரை போய்விடும்.

பழைய பனியன் துணியோ டர்க்கி டவலோ நடுவில் வைத்தால் போதாதா?

வேண்டாம். துணி மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வழுக்கவும் செய்யும். அசைவு குறைவதற்குப் பதில் கூடும். நனைந்தால் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். அன்றாடம் உதறி, துவைத்துப் போட்டால் ஓரளவு சரி. பயணத்தில் அதை யார் செய்கிறார்கள்?

டியூப் ரப்பர், யோகா மேட், கிச்சன் டிராயரில் போடும் மேட்: எது நல்லது?

டிராயரில் விரிக்கும் வலை மாதிரியான வழுக்காத மேட் நன்றாகவே வேலை செய்யும். பை நழுவாமல் பிடிக்கும், ஓட்டைகள் வழியாக மண்ணும் தண்ணீரும் ஓரளவு கீழே போய்விடும். ஒரு குறை: அது பெரும்பாலும் பி.வி.சி. நுரையில் செய்தது. அதில் இருக்கும் மென்மையாக்கி ரசாயனம் வெயிலில், அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இறங்கும். பிசுபிசுப்பான வலைத்தடம் பதிந்துவிடும். ஓரிரு நாள் பயணத்துக்குச் சரி. மாதக்கணக்கில் அதன் மேலேயே பையைக் கட்டி வைக்கக்கூடாது.

பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய டியூபை வெட்டிப் போடுவது நம் ஊர் வழக்கம். பிடிமானத்தில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் கறுப்பு ரப்பரில் வெடிப்பு வராமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் பெயிண்டுக்குள் ஊறிப் பழுப்புக் கறையாகும். வெள்ளை டேங்கில் டியூப் துண்டை ஒரு கோடைகாலம் விட்டுப் பாருங்கள், அந்தத் துண்டின் வடிவம் அப்படியே மஞ்சள் நிழலாக நிற்கும். பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது, ஏனென்றால் கறை மேலே ஒட்டியிருக்கவில்லை, பூச்சுக்குள் இறங்கியிருக்கிறது. டியூபைக் கிராப் ரெயிலில், பையை பேனலைத் தொடாமல் நிறுத்தும் சேடில் ஸ்டே கம்பியில் சுற்றப் பயன்படுத்துங்கள். பெயிண்ட் மேல் வேண்டாம்.

யோகா மேட் நடுத்தரம். தடிமன் இருப்பதால் அழுத்தத்தைப் பரப்பும். மண் அதன் நுரையில் புதைந்துவிடும் என்பதால் தினமும் கழுவ வேண்டும்.

பி.பி.எஃப். என்கிறார்களே, அது என்ன? அவசியமா?

பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனில் செய்த, கண்ணுக்குத் தெரியாத தெளிவான படலம். பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் தடிமன், அதாவது கிளியர் கோட்டைப் போல மூன்று நான்கு மடங்கு. ஹெலிகாப்டர் இறக்கைகளின் முன்விளிம்பை மணல் அரிக்காமல் இருக்க அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய டேப்பின் வழிவந்தது இது. மண்ணுக்கு எதிராகவே பிறந்த பொருள் என்பதால் நம் பிரச்சினைக்குச் சரியாகப் பொருந்துகிறது. நல்ல ஃபிலிமில் பொடிக் கீறல் விழுந்தால் வெயில் சூட்டிலோ வெந்நீர் ஊற்றினாலோ அது தானே கூடி மறையும்.

அடிக்கடி பை கட்டுகிறவர் என்றால் போடுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் வண்டி முழுக்கப் போட வேண்டியதில்லை. இங்கேதான் பணம் வீணாகிறது. முழு வண்டிக்கும் ஒட்டக் கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டு, ஒன்றுமே செய்யாமல் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நமக்கு வேண்டியது பை தொடும் இடமும் ஸ்ட்ராப் போகும் வழியும் மட்டும். இரண்டு பக்க பேனல், டெயில் பேனலின் ஓரம், டேங்கின் மேல்பகுதி. முழுக் காருக்கோ பைக்குக்கோ ஒட்டிய பிறகு கடையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளே இதற்குப் போதும். கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள்.

எந்த இடத்தில் ஒட்டுவது என்று ஊகிக்க வேண்டாம். கழுவிக் காய்ந்த பேனலில் முகப்பவுடரை லேசாகத் தூவி, நிரப்பிய பையைக் கட்டி, பக்கத்துத் தெருவரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து கழற்றுங்கள். பவுடர் கலைந்த இடமெல்லாம் பை தொடும் இடம். அதைவிட இரண்டு விரல் கூடுதலாக ஃபிலிமை வெட்டுங்கள். ஃபிலிமின் விளிம்பு பைக்கு அடியிலேயே முடிந்தால் பை அதை உரித்துவிடும். பவுடரை அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைக்காதீர்கள்.

அதை நானே ஒட்டலாமா?

தட்டையான பக்க பேனலுக்குத் தாராளமாக ஒட்டலாம். டேங்கின் இரட்டை வளைவுக்குக் கை பழக வேண்டும்; அதைக் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

பேனலைக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மெழுகும் எண்ணெய்ப் பசையும் போக்கிக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், தூசி பறந்து வந்து ஒட்டும். ஃபிலிமின் மூலைகளைக் கத்தரியால் உருட்டி வெட்டுங்கள், கூர் மூலை முதலில் கிளம்பும். பேனல், ஃபிலிமின் ஒட்டும் பக்கம், உங்கள் விரல்கள் மூன்றையும் நனைத்துக்கொண்டு படலத்தை வையுங்கள். ஈரம் இருக்கும்வரை வழுக்கும், நகர்த்திச் சரிசெய்யலாம். அப்புறம் நடுவில் இருந்து வெளியே பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் தண்ணீரைத் தள்ளுங்கள். கடைசியில் மிஞ்சும் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் ஓரிரு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும். அவற்றை ஊசியால் குத்த வேண்டாம்.

குறைந்தது இரண்டு நாள் அதன் மேல் பை கட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை இரவு ஒட்டிவிட்டுச் சனிக்கிழமை காலை கிளம்பினால் ஃபிலிம் நகர்ந்து சுருங்கிவிடும்.

பேனலைப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு மாதமாவது பொறுங்கள். பட்டறைப் பெயிண்டுக்குள் இருக்கும் கரைப்பான் ஆவியாகி முடிய அவ்வளவு நாள் ஆகும். முன்பே ஒட்டினால் உள்ளே குமிழி கட்டும், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். கம்பெனியில் இருந்து வந்த பெயிண்ட் சூளையில் சுட்டது, அதற்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

வண்டியில் கிளியர் கோட்டுக்கு மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், ஃபிலிமை உரிக்கும்போது ஸ்டிக்கரும் வந்துவிடும். நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் மேலே இருக்கிறது. அந்த இடத்தை விட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் கடை வினைல் போதாதா? செல்லோடேப்?

வினைல் சுமார் 80 முதல் 100 மைக்ரான். தேய்மானத்தில் கிழியும், ஆனால் கிழியும்வரை பெயிண்டைக் காக்கும். வருடத்துக்கு ஓரிரு பயணம் போகிறவருக்கு அதுவே போதும். தேய்ந்ததும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கேட்டால் கையோடு வெட்டி ஒட்டியும் கொடுப்பார்கள்.

செல்லோடேப், பார்சல் டேப், எலெக்ட்ரிக்கல் டேப் எதுவும் வேண்டாம். நம் வெயிலில் இரண்டே நாளில் பசை உருகி, டேப் வந்தாலும் பசை நின்றுவிடும். அவசரத்துக்குப் பெயிண்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டலாம். ஊர் திரும்பிய அன்றே உரித்துவிட வேண்டும்.

செராமிக் கோட்டிங் போட்டிருக்கிறேன். பிறகு என்ன கவலை?

செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுதான். தண்ணீர் நிற்காது, அழுக்கு எளிதில் கழுவிப் போகும், பளபளப்பு இருக்கும். கட்டிய பை மணிக்கணக்கில் தேய்ப்பதை அது தாங்காது. கோட்டிங் போட்ட நம்பிக்கையில் வெறும் பேனலில் பை கட்டியவர்கள்தான் அதிகம் ஏமாந்து போகிறார்கள். ஃபிலிமை முதலில் ஒட்டி, அதன் மேல் கோட்டிங் போடுவதே சரியான வரிசை.

என் வண்டி மேட் ஃபினிஷ், பளபளப்பில்லாத பெயிண்ட். கீறல் தெரியாதுதானே?

மேட் பெயிண்டுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். பளபளப்பான பெயிண்டில் பொடிக் கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். மேட்டில் அந்த வழியே கிடையாது. அதன் மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய மேடுபள்ளம்தான் அந்த மங்கல் தோற்றத்தைத் தருகிறது. பை தேய்த்தால் மேடுகள் தேய்ந்து அந்த இடம் பளபளக்க ஆரம்பிக்கும். பாலிஷ் போட்டால் இன்னும் பளபளக்கும். திரும்பக் கொண்டுவர ஒரே வழி பேனலை மறுபடி பெயிண்ட் அடிப்பது அல்லது மாற்றுவது. மேட் வண்டிக்கென்றே மேட் ஃபிலிம் வருகிறது. வண்டி புதிதாக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள்.

காந்தம் வைத்த டேங்க் பேக் பாதுகாப்பானதா?

இரும்பு டேங்க் என்றால் பிடிக்கும். பிளாஸ்டிக் மூடியோ அலுமினியமோ என்றால் பிடிக்காது, ஸ்ட்ராப் மாடல்தான் வேண்டும்.

காந்தத்தில் ஒரு தனி ஆபத்து: கீழே வைத்த இடத்தில் இருக்கும் இரும்புத் தூளையெல்லாம் அது ஈர்த்து வைத்துக்கொள்ளும். பெட்ரோல் போட பையைத் தூக்கி பங்க் தரையிலோ மெக்கானிக் ஷெட் பெஞ்சிலோ வைத்தால் அரத்தூள், இரும்புச் சில்லு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே டேங்கில் வைத்தால் கேட்கவே வேண்டாம். பையைக் கழற்றினால் சீட்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். மாட்டும் முன் உள்ளங்கையால் காந்த மடலைத் தடவிப் பாருங்கள், துகள் இருந்தால் கையில் படும். வைக்கும்போது நேராக இறக்கி வையுங்கள், வைத்த பிறகு இழுத்து நகர்த்த வேண்டாம்.

சேடில் ஸ்டே வாங்க வேண்டுமா?

சேடில் பேக் போடுகிறவர் ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். பையை பேனலில் இருந்து விலக்கி நிறுத்தும் கம்பி ஸ்டாண்டு அது. தொடாத இடத்தில் தேய்மானம் எங்கே வரும்? பை உள்ளே சாய்ந்து சக்கரத்திலோ சைலன்ஸரிலோ போய் உட்காராமலும் தடுக்கும். நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சைலன்ஸர் வலப்பக்கம் இருப்பதால், தளர்ந்து இறங்கும் வலப்பக்கப் பை பொசுங்குவது வழக்கமாக நடக்கிறது.

இடப்பக்கத்தில் கம்பெனியே கொடுத்த சாரி கார்டு இருக்கும். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு சேடில் ஸ்டே தேடி அலைகிறார்கள். அதை அப்படியே விட்டுவைத்தால் இடப்பக்கப் பைக்குப் பாதி வேலை முடிந்தது.

ஸ்டே பொருத்தும்போது அதன் கம்பியே பேனலைத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கைவிரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும்.

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு போதாதா?

பெயிண்டுக்கு அது எதிரி. ரப்பர் கயிறு நீளும், நீள்கிற கயிற்றில் பை ஆடும். கொக்கி நழுவித் தெறித்தால் பேனலில் மட்டுமா படும், கண்ணில் படும் ஆபத்தும் இருக்கிறது. பக்கிள் வைத்த நைலான் ஸ்ட்ராப் வாங்குங்கள். பக்கிள் பெயிண்ட் மேல் வராமல், பையின் மேலோ சீட்டின் மேலோ நிற்கும்படி நீளத்தைச் சரிசெய்து கட்டுங்கள்.

மழையில் தேய்மானம் குறையுமா?

குறையாது, கூடும். மண்ணும் நீரும் சேர்ந்த சேறு பேனலுக்கும் பைக்கும் நடுவே ஊர்ந்து எல்லா இடத்துக்கும் பரவும். நனைந்த பை கனம் கூடித் தொங்கும். ரெயின் கவர் போட்டிருந்தால் அது காற்றில் உப்பி, ஓரத்தில் இருக்கும் எலாஸ்டிக் மடிப்பு பேனலில் அடிக்கும். கவருக்கு மேல் ஒரு ஸ்ட்ராப் போட்டு அமுக்குங்கள். கவரை விட உள்ளே வாட்டர்ப்ரூஃப் லைனர் பை வைப்பது எனக்குப் பிடித்த முறை.

கடலோரம் இதைவிட மோசம். தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலைத் தார்மேல் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். அங்கே போய் வந்தால் அன்றிரவு ராமேஸ்வரத்திலோ ராமநாதபுரத்திலோ பையைக் கழற்றி, வண்டியையும் பையின் அடியையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் அடுத்த நாள் கிளம்பாதீர்கள். உப்பு துருவைக் கொண்டுவரும், மணல் பெயிண்டைக் கொண்டுபோகும்.

நான் டூர் போவதில்லை. மருந்து கம்பெனி ரெப். தினமும் டேங்க் மேல் பை. எனக்கு?

நெடுந்தூரப் பயணியை விட உங்கள் வண்டிக்குத்தான் தேய்மானம் அதிகம். ஒரு நாளில் எத்தனை கிளினிக், அத்தனை முறை பையை எடுத்து வைக்கிறீர்கள். பேக் ஜிப், பெல்ட் பக்கிள், சட்டைப் பட்டன் எல்லாம் டேங்கின் பின்பகுதியில் படும். பி.பி.எஃப். துண்டு ஒன்றை டேங்கின் மேலும் பின்னும் ஒட்டிவிடுங்கள். அதன் மேல் ரெக்ஸின் டேங்க் கவர் போடுவதாக இருந்தால், வாரம் ஒருமுறை கழற்றி உள்ளே கழுவ வேண்டும். டேங்க் கவருக்கு அடியில் சேரும் மண்ணை மாதக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. வண்டியை விற்கும் அன்று கவரைக் கழற்றினால் கவர் இல்லாத டேங்கை விட மோசமாக இருக்கும்.

கீறல் விழுந்துவிட்டது. இனி என்ன செய்யலாம்?

முதலில் கழுவி, அந்த இடத்தில் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் கோடு மறைகிறது, நகத்தை ஓட்டினால் தட்டவில்லை என்றால் சேதம் கிளியர் கோட்டின் மேல்பகுதியோடு நின்றிருக்கிறது. நல்ல ரப்பிங் காம்பவுண்டு, அதற்கு அப்புறம் பாலிஷ், மைக்ரோஃபைபர் துணி, பொறுமையான கை. போய்விடும். ஒவ்வொரு முறை காம்பவுண்டு போடும்போதும் கிளியர் கோட் கொஞ்சம் குறைகிறது என்பதை நினைவில் வைத்து, ஒரே இடத்தில் வருடா வருடம் போடாதீர்கள்.

நகம் தட்டினால் ஆழமான கீறல். டச்சப் பெயிண்ட் வைத்து மூடலாம், தெரியாமல் போகாது. அடியில் இரும்பு தெரிந்தால் அன்றே மூடுங்கள், நம் ஈரக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். பக்க பேனல் பிளாஸ்டிக் என்றால் துருக் கவலை இல்லை. பெயிண்ட் அடிக்கும் செலவையும் புது பேனல் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில மாடல்களில் புதிது வாங்குவதே லாபம்.

தேங்காய் எண்ணெய் தடவினால் கோடு மறைவது உண்மை. தண்ணீர் தெளித்தால் மறைவதும் அதே காரணத்தால்தான். எண்ணெய் கோட்டை நிரப்புகிறது, அவ்வளவே. அடுத்த நாள் அந்த எண்ணெயில் புழுதி ஒட்டும்.

ஒட்டிய ஃபிலிமையும் டேப் பசையையும் எப்படி எடுப்பது?

சூடுபடுத்தி எடுக்க வேண்டும். ஹேர் டிரையரை ஓரத்தில் காட்டி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு மூலையைக் கிளப்பி, படலத்தை அதன் மேலேயே மடக்கினாற்போல் தட்டையாக, மெதுவாக இழுங்கள். நேர் மேலே பிடித்து வெடுக்கென்று இழுத்தால் பெயிண்ட் வரும். பசை மிஞ்சினால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ கொஞ்சம் மண்ணெண்ணெயையோ துணியில் நனைத்து ஊறவைத்துத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். தின்னர் பெயிண்டையே கரைக்கும். பெட்ரோல் பட்ட விண்ட்ஷீல்டு பிளாஸ்டிக்கில் பொடி வெடிப்பு வரும், அதற்குப் பாலிஷும் கிடையாது.